எச்.ஐ.வி. இருந்தால் காசநோய் மருந்து வேலை செய்யாதா?

உங்கள் தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது போன மாதம்தான் தெரிய வந்தது, கூடவே காசநோயும் உறுதியானது, காசநோய் மாத்திரை தொடங்கிப் பத்து நாள் ஆகிறது, எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்தை மட்டும் "இரண்டு வாரம் போகட்டும்" என்று மருத்துவர் தள்ளி வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு நடுவில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் சிகிச்சையின் வெற்றி விகிதம் குறைவு என்று எங்கேயோ படித்துவிட்டு, அது உண்மையா என்று கேட்கிறீர்கள். விகிதம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பது தெரிகிறது: மருந்தே தம்பியின் உடம்பில் வேலை செய்யாதோ, ஆறு மாதம் விழுங்கியும் வீண்தானோ? இந்தப் பயத்துக்குப் பதில் வேறு. மருந்து வேலை செய்யும். விகிதத்தைக் கீழே இழுப்பது பெரும்பாலும் மருந்துக்கு வெளியே இருக்கும் காரணங்கள், அவற்றில் பலவற்றை இப்போதே கவனிக்க முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் நெஞ்சக நோய் மருத்துவன். இந்த இரண்டு நோயும் சேர்ந்து வந்தவர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். உங்கள் தம்பியின் சிடி4 எண்ணிக்கை (எச்.ஐ.வி. அழிக்கும் எதிர்ப்பு அணுக்கள் ரத்தத்தில் எவ்வளவு மீதி என்ற கணக்கு), எக்ஸ்ரே, கல்லீரல் பரிசோதனை எதையும் நான் பார்க்கவில்லை. ஆகவே அவரைப் பற்றிய முடிவு எதையும் இங்கிருந்து சொல்ல மாட்டேன். பொதுவாக எது உறுதி, எது இன்னும் சந்தேகத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். அவருடைய மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அதிலிருந்தே உங்களுக்குப் புரியும்.

முதலில் எண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. அவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 100க்கு 6 பேர். அதே வருடம் காசநோயால் இறந்தவர்கள் 12.5 லட்சம், அதில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 1,61,000. அதாவது 100க்கு 13 பேர். நோய் வந்தவர்களில் இருக்கும் பங்கைப் போல இரண்டு மடங்கு இறந்தவர்களில் இருக்கிறது. சிகிச்சை தொடங்கியவர்களை மட்டும் பார்த்தால், மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோயில் 100க்கு 88 பேர் நல்லபடியாக முடிக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களில் அது 80க்குச் சற்றுக் கீழே. நீங்கள் படித்தது இந்த வித்தியாசத்தைத்தான்.

இப்போது அந்த "வெற்றி" என்ற எண் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். சிகிச்சை தொடங்கிய ஒவ்வொருவரையும் கடைசியில் ஒரு வகையில் பதிவு செய்வார்கள்: குணமடைந்தவர், மருந்தை முழுதாக முடித்தவர், மருந்து பலனளிக்காதவர், இறந்தவர், இரண்டு மாதமோ அதற்கு மேலோ மருந்தை விட்டுவிட்டவர், முடிவு தெரியாதவர். முதல் இரண்டும் சேர்ந்தால் வெற்றி. மற்றது எல்லாம் வெற்றிக்கு வெளியே. இதில் மருந்து பலனளிக்காதவர்கள் இரு தரப்பிலும் மிகச் சிலர்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களில் கூடுதலாக இருப்பது இறந்தவர்களின் பங்கு, மற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொரு விஷயம், சிகிச்சைக் காலத்தில் எந்தக் காரணத்தால் இறந்தாலும் அது காசநோய் சிகிச்சையின் கணக்கில்தான் ஏறும். வேறொரு மூளைத் தொற்றில் இறந்தவரும் அந்தக் கணக்கில்தான் வருவார். ஆகவே வெற்றி விகிதம் குறைவு என்பதை வைத்து, "காசநோயின் முக்கிய மருந்துகளான ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் எச்.ஐ.வி. உள்ளவரின் உடம்பில் கிருமியைக் கொல்வதில்லை" என்று முடிவு கட்ட முடியாது. முறையாகச் சாப்பிட்டால் அவை கொல்கின்றன. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் ஏன் இறக்கிறார்கள்? முதல் காரணம், நோய் தெரிய வரும்போதே நாள் கடந்துவிடுவது. காசநோய் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது விடாத இருமல், சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஓட்டை. அந்த ஓட்டையை உண்டாக்குவதே உடம்பின் எதிர்ப்பு சக்திதான். கிருமியோடு மோதி திசுவைச் சிதைத்து, அந்தக் குழியிலிருந்துதான் கோடிக்கணக்கான கிருமிகள் சளியில் வந்து விழுகின்றன. சிடி4 மிகவும் குறைந்துபோனவரிடம் மோதுவதற்கே பலம் இல்லை. ஓட்டை விழாது, சளியில் கிருமி குறைவாக இருக்கும், எக்ஸ்ரே ஏறக்குறைய சாதாரணமாகவே தெரியலாம். நுண்ணோக்கியில் கிருமி தென்பட வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டர் சளியில் குறைந்தது 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். இவர்களில் பலரிடம் அவ்வளவு இருக்காது. ஆனால் அதே நேரம் கிருமி ரத்தம் வழியாகக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவிக்கொண்டிருக்கும். வெளியே தெரிவது காய்ச்சலும் எடைக் குறைவும் அசதியும் மட்டும்தான். சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் வேறு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாரங்கள் ஓடிவிடும்.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கு ஒரு சான்று. எச்.ஐ.வி.யோடு இறந்த வயது வந்தவர்களுக்குப் பிரேதப் பரிசோதனை செய்த பல ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். 100க்கு ஏறக்குறைய 40 பேர் உடம்பில் காசநோய் இருந்தது. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது உயிரோடு இருந்தவரை கண்டுபிடிக்கப்படவே இல்லை. மனதைப் பிசையும் கணக்கு இது, ஏனென்றால் குணப்படுத்தக்கூடிய நோய் இது.

இந்த இடத்தில் உண்மையான முன்னேற்றம் வந்திருக்கிறது. சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் போன்ற பரிசோதனை சில மணி நேரத்தில் முடிவு சொல்லும், ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். சளி வராதவர்களுக்குச் சிறுநீரில் செய்யும் லாம் பரிசோதனை இருக்கிறது. கருத்தரிப்பைப் பார்க்கும் பட்டையைப் போன்ற ஒரு சிறு பட்டை, அதில் இரண்டு மூன்று துளி சிறுநீர் விட்டு 25 நிமிடம் பொறுத்தால் கோடு தெரியும் அல்லது தெரியாது. உடம்பு முழுக்கப் பரவிய காசநோயில்தான் அந்தக் கோடு நன்றாகத் தெரியும். அதாவது யார் சாவுக்கு மிக அருகில் இருக்கிறார்களோ அவர்களிடம்தான் இந்தப் பட்டை அதிகம் உதவுகிறது. ஆப்பிரிக்க மருத்துவமனைகளில், எச்.ஐ.வி.யோடு உள்நோயாளியாகச் சேர்ந்தவர்களிடம் இதைப் பயன்படுத்திச் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது, அதில் இறப்பு குறைந்தது. ஆனால் கோடு தெரியவில்லை என்பதால் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் தம்பிக்கு நோய் உறுதியாகிவிட்டது, மருந்தும் தொடங்கிவிட்டது. பலர் தவறி விழும் முதல் பள்ளத்தை அவர் தாண்டிவிட்டார்.

இரண்டாவது காரணம், காசநோயோடு சேர்ந்தே பதுங்கியிருக்கும் மற்ற தொற்றுகள். சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனவரிடம் காசநோய் மட்டும் தனியாக வந்து நிற்பதில்லை. நிமோனியா, ரத்தத்தில் பாக்டீரியா தொற்று, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக் காய்ச்சல் என்று கூடவே வரும். அதனால்தான் கோட்ரைமாக்சசோல் என்ற பழைய, மலிவான மாத்திரையைத் தினமும் கொடுக்கிறோம். ஐவரி கோஸ்டில் காசநோயும் எச்.ஐ.வி.யும் இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999இல் வெளியானது, இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அப்போது ஏ.ஆர்.டி. அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. இன்றும் அதன் இடம் மாறவில்லை. மாத்திரைகள் கைநிறைய இருக்கின்றன, இதையாவது விட்டுவிடலாம் என்று வீட்டில் பலர் முதலில் ஒதுக்குவது இதைத்தான். தயவுசெய்து ஒதுக்க விடாதீர்கள். சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே இருந்தால், ஏ.ஆர்.டி. தொடங்குமுன் ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். அந்த மூளைக் காய்ச்சல் இருப்பது தெரியாமல் ஏ.ஆர்.டி.யை அவசரமாகத் தொடங்கினால் ஆபத்து.

மூன்றாவதாக, நீங்கள் கவலைப்படும் அந்த "இரண்டு வாரம்". இது அலட்சியமா, தாமதமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. பதினைந்து இருபது வருடங்களுக்கு முன் நாங்கள் திணறிய கேள்வியே இதுதான். ஒரே நேரத்தில் இரண்டு சிகிச்சையும் தொடங்கினால் பக்க விளைவுகள் குவியும், எதிர்ப்பு சக்தி திடீரென்று எழுந்து உடம்பைக் கலக்கும். காசநோய் சிகிச்சை முடியட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் எச்.ஐ.வி. ஆளைக் கொண்டுபோய்விடும். ஆய்வுகள் வந்துதான் இது தீர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், காசநோய் சிகிச்சையின் போதே ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களிடம், முடியும்வரை காத்திருந்தவர்களைவிட இறப்பு 56 சதவீதம் குறைவாக இருந்தது. அதன்பின் காத்திருப்பது என்ற பேச்சே இல்லை. அடுத்த கேள்வி, எவ்வளவு சீக்கிரம்? கம்போடியாவில் சிடி4 200க்கு மிகாத 661 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டாவது வாரத்திலும் இன்னொரு பிரிவுக்கு எட்டாவது வாரத்திலும் ஏ.ஆர்.டி. தொடங்கினார்கள். முதல் பிரிவில் இறந்தவர்கள் 59, இரண்டாவதில் 90. இந்த ஆய்வைப் போலவே 2011இல் வெளியான வேறொரு பன்னாட்டு ஆய்வு, இந்த அவசரத்தின் பலன் சிடி4 50க்குக் கீழே இருப்பவர்களிடம்தான் தெளிவாகத் தெரிகிறது என்றது. எண்ணிக்கை அதற்கு மேலே இருந்தால் இரண்டு வாரமா எட்டு வாரமா என்பது உயிரைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் காட்டவில்லை. இன்று உலக சுகாதார நிறுவனம் சிடி4 எவ்வளவாக இருந்தாலும் காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. தொடங்கச் சொல்கிறது. அந்தக் கணக்கின்படி தம்பியின் மருத்துவர் சரியான பாதையில்தான் போகிறார். இரண்டு வாரம் என்பது மூன்று மாதமாக நீளாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. காசநோய் மூளை உறையைத் தாக்கியிருந்தால் இந்த அவசரம் கூடாது. வியட்நாமில் அப்படிப்பட்டவர்களுக்கு உடனே ஏ.ஆர்.டி. கொடுத்துப் பார்த்ததில் பிழைப்பவர்கள் கூடவில்லை, கடுமையான பக்க விளைவுகள்தான் கூடின. அவர்களுக்கு நான்கு முதல் எட்டு வாரம் பொறுப்பது வழக்கம். மூளைக் காசநோயில், வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு உதவுகிறது என்பது தெரிந்த விஷயம். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் நடந்து 2023இல் வெளியான ஆய்வில் அந்தப் பலன் நிரூபணமாகவில்லை. பெரிய கெடுதலும் தெரியவில்லை. அதனால் நல்ல மருத்துவர்களே இதில் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். மொத்தத்தில் மூளைக் காசநோய்தான் இந்தக் கூட்டில் மிகக் கொடியது. மேலே சொன்ன வெற்றி விகிதம் அதற்குப் பொருந்தாது.

அடுத்து, நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. காசநோய் மருந்து தொடங்கிச் சில வாரத்தில் காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வரும். அப்புறம் ஏ.ஆர்.டி. தொடங்குவார்கள். அதிலிருந்து இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மாலை திடீரென்று பழையபடி காய்ச்சல். கழுத்தில் நெறி கட்டி, தொட்டால் வலிக்கும் அளவுக்கு வீங்கும். சிலருக்கு அது பழுத்துச் சீழ் வைக்கும். சிலருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் கூடி, எக்ஸ்ரே முன்பைவிட மோசமாகத் தெரியும். உடனே வீட்டில் எழும் பேச்சு, "இந்தப் புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை." இரண்டு மருந்தையும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் பெரும்பாலும் அங்கே நடப்பது, தூங்கிக் கிடந்த எதிர்ப்பு சக்தி ஏ.ஆர்.டி.யால் விழித்து, உடம்பெங்கும் கிடக்கும் கிருமிகளையும் அவற்றின் மிச்சத்தையும் பார்த்து ஒரே நேரத்தில் பாய்வது. சிடி4 எவ்வளவு குறைவாக இருந்ததோ, ஏ.ஆர்.டி. எவ்வளவு சீக்கிரம் தொடங்கியதோ, அவ்வளவுக்கு இது வர வாய்ப்பு அதிகம். கம்போடிய ஆய்விலும் சீக்கிரம் தொடங்கிய பிரிவில் இது இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. ஆனாலும் அந்தப் பிரிவில்தான் அதிகம் பேர் உயிர் பிழைத்தார்கள். இதை நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், ஏனென்றால் முன்பே தெரிந்தவர்கள் மருந்தை நிறுத்தாமல் நேராக மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

வந்ததும் மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டு "இது எதிர்ப்பு சக்தியின் பாய்ச்சல்தான்" என்று சொல்லிவிடவும் கூடாது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயா, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, வேறு தொற்று ஏதாவது புகுந்ததா என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். முடிவானால் பெரும்பாலோருக்கு இரண்டு மருந்தையும் தொடர்ந்தபடியே சமாளிக்கலாம். கடுமையாக இருந்தால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்போம். வருமுன் தடுக்கவும் வழி உண்டு. சிடி4 100க்கு மிகாதவர்களுக்கு ஏ.ஆர்.டி.யோடு சேர்த்து நான்கு வாரம் பிரெட்னிசோன் கொடுத்த ஆய்வு 2018இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. கொடுக்காதவர்களில் 100க்கு 47 பேருக்கு இந்தப் பிரச்சினை வந்தது, கொடுத்தவர்களில் 33 பேருக்கு. ஆனால் இதை எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது. கப்போசி சார்கோமா என்ற புற்றுநோய் இருந்தாலோ, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத காசநோயாக இருந்தாலோ ஸ்டீராய்டு எதிராகத் திரும்பலாம். அதனால் மருத்துவர் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும், நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை.

மருந்துகளுக்குள்ளேயே ஒரு மோதல் இருக்கிறது. ரிஃபாம்பிசின் இல்லாமல் ஆறு மாதக் காசநோய் சிகிச்சை இல்லை. ஆனால் அது கல்லீரலைத் தூண்டிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாகக் கழித்துவிடும். இன்று பெரும்பாலோருக்குக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மாத்திரையில் டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இருக்கிறது. ரிஃபாம்பிசின் சாப்பிடும் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு தடவை டோலுடெக்ராவிர் போதாமல் போகும் என்பதால், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் தனி மாத்திரையாகக் கொடுப்பதுதான் நடைமுறை. ஒரு தடவையே போதுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன, நம்பிக்கையும் தெரிகிறது, ஆனால் நடைமுறையை மாற்றும் அளவுக்கு இன்னும் வரவில்லை. இந்த இரண்டாவது மாத்திரை விட்டுப்போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, காலை ஒன்று, இரவு ஒன்று இருக்கிறதா என்று நீங்களே சரி பார்க்கலாம். காசநோய் மருந்து முடிந்த பிறகும் ரிஃபாம்பிசினின் தாக்கம் இரண்டு வாரம் வரை நிற்கும் என்பதால் அந்த இரண்டாவது மாத்திரையையும் இரண்டு வாரம் கூடத் தொடர வேண்டும். சத்துக்கு என்று கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால், அல்லது வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிட் குடித்தால், அவை டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். டோலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். பழைய புரோட்டியேஸ் தடுப்பான் வகை ஏ.ஆர்.டி. மருந்தில் இருப்பவர்களுக்கு ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக ரிஃபாபியூட்டின் தேவைப்படும், அது உங்கள் தம்பிக்கு இப்போது பொருந்தாது.

காசநோய் மாத்திரையைத் தினமும் சாப்பிட வேண்டுமா, வாரம் மூன்று நாள் போதுமா என்ற கேள்விக்கும் இப்போது உறுதியான பதில் இருக்கிறது. சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் எச்.ஐ.வி. உள்ளவர்களிடமே இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். தினமும் சாப்பிட்டவர்களில் 100க்கு 91 பேர் நல்ல நிலையை அடைந்தார்கள், வாரம் மூன்று நாள் பிரிவில் 77 பேர்தான். அந்த மூன்று நாள் பிரிவில் சிலருக்குச் சிகிச்சையின் நடுவிலேயே ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பும் உருவானது. நான் ஆரம்பத்தில் சொன்னதைத் திரும்பச் சொல்வதற்கு இந்த 91 ஒரு நல்ல காரணம். எச்.ஐ.வி. இருந்தும், தினசரி மருந்தும் ஏ.ஆர்.டி.யும் நெருக்கமான கவனிப்பும் கிடைத்தால் விகிதம் எங்கே போய் நிற்கிறது பாருங்கள். ஆய்வில் சேருபவர்கள் வழக்கமாகக் கொஞ்சம் நல்ல நிலையில் உள்ளவர்கள், அடிக்கடி தேடி வந்து பார்க்கப்படுபவர்கள். அந்தத் தள்ளுபடியைச் செய்துவிட்டுத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் கிருமியைக் கொல்ல மருந்தால் முடிகிறது என்பது இதில் தெரிகிறது.

ஆறு மாதம் போதுமா என்பதில் பழைய குழப்பம் ஒன்று உண்டு. ஏ.ஆர்.டி. கிடைக்காத காலத்தில், ஆறு மாதத்துக்குப் பதில் ஒன்பது மாதம் கொடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. ஏ.ஆர்.டி. சேர்ந்த பிறகு ஆறு மாதமே போதும் என்பதுதான் பொதுவான நிலைப்பாடு. ஏ.ஆர்.டி. எடுக்க முடியாத அபூர்வமான சிலருக்கு மட்டும் கூட மூன்று மாதம் நீட்டலாம் என்கிறார்கள். மூளை, எலும்பு போன்ற இடங்களில் நோய் இருந்தால் கணக்கே வேறு.

மருந்தைப் பாதியில் விடுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, இரண்டாவது மாதம் முடியும்போது உடம்பு தேறி, "எனக்குத்தான் சரியாகிவிட்டதே" என்ற எண்ணம் வரும். அப்போதும் கிருமி மீதி இருக்கும். இன்னொன்று பக்க விளைவு. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசினால், அதில் பயம் இல்லை. ஆனால் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், தொடர்ந்து வாந்தி, கண் மஞ்சளாவது என்றால் கல்லீரல் பாதித்திருக்கலாம். அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். கல்லீரலைப் பொறுத்து மருந்துகளை நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார்கள், அதனால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. பாதம் எரிச்சலுக்கும் மதமதப்புக்கும் காரணம் ஐசோனியசிட், அதற்காகத்தான் கூடவே வைட்டமின் பி6 கொடுக்கிறார்கள். நிறங்கள் மங்கித் தெரிந்தால் எத்தாம்பியூட்டால் என்ற இன்னொரு காசநோய் மருந்து காரணமாக இருக்கலாம், அதைத் தள்ளிப் போடாமல் சொல்லிவிட வேண்டும். தோலில் தடிப்போடு வாய்ப்புண்ணும் காய்ச்சலும் சேர்ந்தால் அவசரம். மது குடிக்கும் பழக்கம் இருந்தால் இந்த ஆறு மாதம் அறவே கூடாது.

கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். தம்பியின் ஜீன் எக்ஸ்பர்ட் முடிவில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை என்று வந்திருப்பதாக எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு அந்த வகைக்கு ஒன்றரை, இரண்டு வருடம், மாதக்கணக்கில் ஊசி, காது கேட்காமல் போகும் அபாயம் என்று இருந்தது. இப்போது பெடாகுயிலின், பிரிடோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சை வந்துவிட்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களும் அந்த ஆய்வுகளில் இருந்தார்கள், அவர்களுக்கும் 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கிறது. ஏ.ஆர்.டி.யில் எஃபாவிரென்ஸ் இருந்தால் மட்டும் பெடாகுயிலின் அளவு இறங்கிவிடும் என்பதால் மாற்ற வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு நோய் திரும்ப வருமா? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். ஆனால் திரும்ப வருவதெல்லாம் பழைய கிருமி தப்பிப் பிழைத்தது என்று எண்ண வேண்டாம். தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் முதல் தடவை வந்த கிருமியையும் இரண்டாம் தடவை வந்ததையும் மரபணு வழியாக ஒப்பிட்டு 2001இல் வெளியிட்டார்கள். எச்.ஐ.வி. இருந்தவர்களிடம் கூடுதலாக இருந்தது புதிதாக வெளியிலிருந்து வந்து தொற்றிய கிருமி. முதல் சிகிச்சை அதன் வேலையைச் செய்து முடித்திருந்தது. இதிலிருந்து வரும் நடைமுறை என்னவென்றால், ஏ.ஆர்.டி.யை வாழ்நாள் முழுக்க விடாமல் எடுத்து சிடி4ஐ மேலே ஏற்றுவதுதான் பெரிய பாதுகாப்பு. அதோடு, காசநோய் அதிகம் உள்ள இடங்களில் சிகிச்சை முடித்த எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் தடுப்பு மருந்து கொடுப்பது உண்டு. ஆறாவது மாதத்தில் அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், இப்போதே காசநோய்ப் பரிசோதனை செய்துகொண்டு தேவையானால் தடுப்பு மருந்து எடுக்க வேண்டும்.

உங்கள் தம்பியின் விஷயத்தில் நான் முதலில் பார்க்க விரும்பும் எண் சிடி4. அது 50க்குக் கீழே இருந்தால் ஏ.ஆர்.டி. தேதி ஒரு நாளும் தள்ளக் கூடாது, முதல் மூன்று மாதம் வீட்டில் எல்லோரும் விழிப்பாக இருக்க வேண்டும். இறப்புகள் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் நடக்கின்றன, அதைக் கடந்தவர்களின் நிலைமை வேகமாக மேலே ஏறுகிறது. 200க்கு மேலே இருந்தால் நான் இவ்வளவு பதறமாட்டேன். அடுத்து எடை. மருந்து தொடங்கிய நாள் என்ன எடை என்று எழுதி வைத்து, வாரம் ஒரு தடவை அதே எடை இயந்திரத்தில் நிறுத்துப் பாருங்கள். எடை ஏறினால் மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் காசநோய் மாத்திரையின் எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. ஏறாமலே நின்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடுமையான தலைவலி, கழுத்து இறுக்கம், மயக்கம், பேச்சில் குழப்பம், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள். போகும்போது காசநோய் மையம், ஏ.ஆர்.டி. மையம் இரண்டின் மருந்துச் சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், காசநோய் மருத்துவர் ஏ.ஆர்.டி. சீட்டைப் பார்க்காமலும் ஏ.ஆர்.டி. மருத்துவர் காசநோய்ச் சீட்டைப் பார்க்காமலும் மருந்து எழுதுவதால் வரும் சிக்கல்கள் நிறைய. சிடி4 முடிவு வந்ததும் எழுதுங்கள், அதை வைத்து என்ன சொல்ல முடியுமோ சொல்கிறேன்.